மாநாட்டுக்கு வேன் புக் செய்து 6,000 ரூபாய் போச்சு: தீபாவளிக்கு வண்டி தேடுகிறவர்கள் கவனம்

ஞாயிற்றுக்கிழமை (27-10-2024) விக்கிரவாண்டி வி.சாலையில் நடந்த விஜய்யின் த.வெ.க. மாநாட்டுக்கு நண்பர்கள் போய்வர, வாடகை வாகன ஆப் ஒன்றில் 12+1 (12 பேரும் டிரைவரும்) டெம்போ டிராவலர் வேன் போட்டிருந்தோம். வண்டி வரவே இல்லை. அட்வான்ஸ் 6,000 ரூபாயும் திரும்பவில்லை. புகார் ஓடிக்கொண்டிருப்பதால் ஆப்பின் பெயரை எழுதவில்லை.  தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களிடமும் இதே வேலையைக் காட்டுவார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ரேட். தாம்பரத்திலிருந்து விக்கிரவாண்டி போய்வர சுமார் 260 கிலோமீட்டர். வெளியூர் டிரிப் என்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு மினிமம் 250, 300 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். அதுவும் ஷெட்டிலிருந்து ஷெட் வரை. வண்டி பூந்தமல்லியில் நின்றால் அங்கிருந்தே மீட்டர் ஓடும். டிரைவர் பேட்டா, பரனூர், ஆத்தூர் டோல், பார்க்கிங் எல்லாம் தனி. மாநாட்டு நாள் என்று மற்றவர்கள் 11,000, 12,000 கேட்டபோது ஆப்பில் கிடைத்த இந்த வண்டிக்காரர் மட்டும் எல்லாம் சேர்த்து 8,500 என்றார். தூண்டில் அதுதான்.

ஆனால் ரேட்டைப் பார்த்து மட்டும் யாரும் நம்பிவிடுவதில்லை. ஆள் தொழில் தெரிந்தவர் போலவே பேசினார். "கூட்டம் கலைஞ்சா பார்க்கிங்ல இருந்து ஹைவே ஏறவே ரொம்ப நேரம் ஆகும் சார். அதுக்கு வெயிட்டிங் போட மாட்டேன், ராத்திரி பேட்டா மட்டும் பார்த்துக் குடுங்க." வாடகை வண்டியில் பொதுக்கூட்டம் போனவர்களுக்கு இந்த வெயிட்டிங் தகராறு தெரியும். அதை அவரே எடுத்துப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கையோடு ஆர்.சி. படமும் வந்தது. அதில் வண்டி வகை எழுதியிருக்கும் இடத்தை ஒரு கட்டைவிரல் மறைத்திருந்தது. பிறகு அந்த வண்டி எண்ணை எம்பரிவாகன் ஆப்பில் (வண்டி விவரம் காட்டும் அரசு ஆப்) போட்டால் கார் என்று வருகிறது!

அடுத்தது ஓடிபி. இதுதான் முழு மோசடியும். வண்டி வந்து, டிரைவர் நமக்கு வந்திருக்கும் நான்கு இலக்க ஓடிபி எண்ணை வாங்கிப் போடும்வரை அட்வான்ஸ் ஆப்பிடம்தான் இருக்கும். போட்ட நிமிடம் பணம் வண்டிக்காரர் கணக்குக்குப் போய்விடும். அதனால் விடியற்காலையில் போன் வரும்: "டிரைவர் பெருங்களத்தூர் தாண்டிட்டான் சார், அவனுக்கு நெட் கிடைக்கல, ஓடிபி சொல்லுங்க, நானே போட்டுடறேன்." எண் கைமாறியதும் ஆப்பில் 'டிரிப் தொடங்கியது' என்று வந்தது. அதோடு போன் சுவிட்ச் ஆஃப். கடைசியில் கிளாம்பாக்கம் போய் அரசுப் பேருந்தில் நின்றுகொண்டு விழுப்புரம் பக்கம் போக வேண்டியதாயிற்று.

இனி ஆப்காரர்கள் கதை. சாட்டில் கேட்டால், "டிரிப் நடந்ததாகப் பதிவாகியுள்ளது, வண்டிக்காரரிடம் பேசுங்கள்." பிறகு வண்டிக்காரரைப் பிடித்துக் கேட்டால், ஒன்றும் தெரியாதவர் போல, "பணம் ஆப்ல தான கட்டினீங்க, அங்க கேளுங்க" என்கிறார். வண்டி ஒரு அடி நகர்ந்ததற்கு ஜிபிஎஸ் பதிவு காட்டுங்கள் என்று கேட்டதற்கு, மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில். கொஞ்ச நேரத்தில் 'தீர்வு காணப்பட்டது' என்று ஆப்பில் போட்ட புகாரையே மூடிவிட்டார்கள். என்ன தீர்வு? 6,000 ரூபாய் எங்கே? நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு 200 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 6,000 போன இடத்தில் 200 ரூபாய் கூப்பன்!

சரி, பார்க்க வேண்டியவை. வண்டி கண் முன்னால் வந்து நின்று, நம்பர் பிளேட் ஒத்துப்போன பிறகுதான் ஓடிபி. டி போர்டா (வாடகை வண்டிக்கான மஞ்சள் நம்பர் பிளேட்) என்று பாருங்கள். 12+1 என்றால் எம்பரிவாகனில் மேக்ஸி கேப் என்று வர வேண்டும், ஃபிட்னஸ், இன்சூரன்ஸ் தேதியும் அதிலேயே தெரியும். ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்கான வெள்ளை பிளேட்) வண்டியை அனுப்பினால் ஏறாதீர்கள், வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. சாட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், புகாரை மூடியதும் எங்களுக்குப் பாதி காணாமல் போய்விட்டது. வண்டி நம்பரும் டிரைவர் நம்பரும் முந்தின நாளே கைக்கு வர வேண்டும். "காலையில சொல்றேன்" என்றால் அப்போதே கேன்சல் போடுங்கள்.