திரும்பும் தேதி வைக்காத பயணத்தில் இருவர்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

திரும்பி வரும் தேதியை முடிவு செய்யாமல் வெளிநாடுகளில் நடைப்பயணமும் மலையேற்றமுமாகச் சுற்றப் புறப்படும் இளந்தம்பதியர் அனைவருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "இருவரும் சேர்ந்துதானே போகிறீர்கள், எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குங்கள், பாரம் பாதியாகும்." என் கணவரும் நானும் சில ஆண்டுகளாக அந்தக் கணக்கின்படியே ஒரு கூடாரம், ஒரு ஸ்டவ், ஒரு வாட்டர் ஃபில்டர் என்று சுற்றிவருகிறோம். சில பொருள்களில் அந்தக் கணக்கு அப்படியே பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை. ஒரு வாரப் பயணத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. பழுதானால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாதபோதுதான், எந்தப் பொருளின் பழுது ஒருவரைப் பாதிக்கும், எது இருவரையும் ஒருசேர நிறுத்திவிடும் என்பது புரியும். அந்தக் கோணத்திலேயே இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

கூடாரத்தைத் தயங்காமல் பகிரலாம். ஆனால் "இருவருக்கானது" என்று விற்கப்படும் இலகுரகக் கூடாரங்கள் பலவற்றில் தரையின் அகலம் தலைமாட்டில் 130 செ.மீ. அளவிலும் கால்மாட்டில் 110 செ.மீ. அளவிலும்தான் இருக்கும். வழக்கமான ஸ்லீப்பிங் மேட்டின் அகலம் 51 செ.மீ.; அகலமான வகை ஏறக்குறைய 64 செ.மீ. முதல் வகையில் இரண்டு போட்டால் ஓரத்தில் சற்று இடம் மிஞ்சும். இரண்டாம் வகையில் இரண்டு போட்டால் கால்மாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எங்களிடம் ஒன்று அகலமானது, ஒன்று வழக்கமானது. கால்மாட்டில் சற்று நெருக்கினாலும் அது போதுமானதாக இருக்கிறது. வாங்கும்போது எல்லாரும் எடையைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது கால்மாட்டு அகலத்தையும் கதவுகளின் எண்ணிக்கையையும். இருபுறமும் கதவும் அதற்கு வெளியே மழைமறைப்பும் இருந்தால், நள்ளிரவில் எழுபவர் தூங்குபவரைத் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. அவரவர் நனைந்த காலணியும் பையும் அவரவர் பக்கத்தில் கிடக்கும். நாள்கணக்கில் மழை பெய்யும் இடத்தில் இருவருக்கிடையே சுமுகம் நிலவ இதைவிடப் பயனுள்ள ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஒரே கதவுள்ள கூடாரத்தில் மிச்சமாகும் சில நூறு கிராம் எடைக்காக இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெடுநாள் பயன்பாட்டில் முதலில் தேய்ந்தது ஜிப்பின் ஸ்லைடர். கடற்கரை மணலும் பாலைநிலத் தூசியும் அதற்குள் புகுந்து உள்பக்கத்தை அரித்துவிடுகின்றன; ஸ்லைடர் வழக்கம்போல் நகரும், ஆனால் அது கடந்துபோன இடத்தில் பற்கள் இணையாமல் வாய் பிளந்து நிற்கும். கொசு நிறைந்த ஏரிக்கரையில் இது நேர்ந்தால் அந்த இரவு தூக்கம் இல்லை. ஜிப் போய்விட்டது என்று கூடாரத்தையே மாற்றுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. ஸ்லைடரின் பின்புற ஓரங்கள் இரண்டையும் சிறிய இடுக்கியால் மாறி மாறி, மிக மெதுவாக அழுத்தினால் விரிந்த இடைவெளி சுருங்கி, பற்கள் மீண்டும் கோத்துக்கொள்ளும். ஒரேயடியாக அழுத்தினால் வார்ப்பு உலோகம் விண்டுவிடும். இந்தச் சிகிச்சை சில மாதங்களுக்குத் தாங்கும். அதன்பின் ஸ்லைடரை மட்டும் மாற்றினால் போதும். அதே அளவுள்ள ஸ்லைடர்கள் இரண்டு எங்கள் பழுதுபார்ப்புப் பையில் எப்போதும் இருக்கும்.

துணியைப் பொறுத்தவரை, பாலியூரித்தேன் பூச்சுள்ள கூடாரங்களை ஈரத்தோடு மடித்து நெடுநாள் வைத்தால் அந்தப் பூச்சு ஈரத்தால் சிதைந்து, பிசுபிசுத்து, நாற்றமெடுக்கும். அந்நிலைக்குப் போனபின் அதை மீட்க முடியாது. சிலிகான் பூச்சுக்கு இந்தக் கேடு இல்லை. இருவர் உறங்கும் கூடாரத்தில் மூச்சுக்காற்றின் ஈரமும் இரு மடங்கு என்பதால், வெளியே பனி கொட்டினாலும் மேல்திறப்பை மூடாமல் வைப்பதே வழக்கமாகிவிட்டது. குளிர் உறைக்கும்தான், ஆனால் விடியற்காலையில் முகத்தில் சொட்டும் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல்.

ஸ்லீப்பிங் பேக்கில்தான் "ஒன்றாக வாங்குங்கள்" என்ற அறிவுரை அடிபட்டுப் போகிறது. ஐஎஸ்ஓ 23537 தரநிலையின்படி ஒவ்வொரு பேக்குக்கும் ஆறுதல் வெப்பநிலை, எல்லை வெப்பநிலை என இரண்டு முக்கிய அளவுகள் உண்டு. முதலாவது சராசரிப் பெண் நிம்மதியாக உறங்கக்கூடிய அளவு. இரண்டாவது சராசரி ஆண் உடலைக் குறுக்கிப் படுத்துத் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு. இரண்டுக்கும் இடையே பல பேக்குகளில் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருக்கும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் எல்லை அளவுதான். ஒரே மாதிரி பேக் இரண்டு வாங்கினால், என் கணவர் நன்றாகக் குறட்டைவிடும் குளிரில் நான் விறைத்துக் கிடப்பேன் என்பதை அந்த அட்டையே சொல்லிவிடுகிறது. எனவே எனக்கு ஒரு படி கனமான பேக், அவருக்கு இலகுவானது. ஒரே நிறுவனத்தின் தயாரிப்பில் ஒன்றுக்கு இடப்புற ஜிப், மற்றொன்றுக்கு வலப்புற ஜிப் என்று எடுத்தால், வேண்டியபோது இரண்டையும் கோத்து ஒன்றாக்கிக்கொள்ளலாம். இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய போர்வையாக வரும் வகையையும் பயன்படுத்தியிருக்கிறோம். அது எடையில் சிக்கனமானது, கோடைக்கு ஏற்றது. குளிர்காலத்தில் ஒருவர் புரண்டாலே மற்றவரின் முதுகில் காற்று புகும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து தனியே படுக்க நேர்ந்தால் அதைப் பங்குபோடவும் வழியில்லை.

ஸ்டவ் ஒன்று போதும். ஆனால் திரும்பும் தேதி வைக்காத பயணத்தில் ஸ்டவ்வைவிட எரிபொருளே பெரிய சிக்கல். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் இறங்கியதும் முதல் வேலை கேஸ் தேடுவதுதான். திருகு மரையுள்ள கேனிஸ்டர் நடைப்பயணம் பரவலாக உள்ள நாடுகளில் எளிதில் கிடைக்கும். அதற்கப்பால் பெட்ரோலும் மண்ணெண்ணெயும்தான் துணை. பல எரிபொருளில் எரியும் ஸ்டவ் அங்கே கைகொடுக்கும் என்றாலும், அதன் புட்டியில் எரிபொருள் வாசனை மிச்சமிருந்தால் விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்கள். குளிர்ப் பகுதிக்கு வாங்கும்போது கேனிஸ்டரின் கலவையைப் படித்துப் பாருங்கள். சாதாரண பியூட்டேன் -0.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் -12 டிகிரிக்குச் சற்று மேல்வரை தாங்கும். புரோப்பேனின் கொதிநிலை -42 டிகிரி. பின்னவை இரண்டும் கலந்ததை வாங்கினால் உறைபனிக் காலையிலும் தேநீர் உண்டு.

வாட்டர் ஃபில்டரை இனிப் பகிர மாட்டோம். பகிர்ந்தாலும் மாற்று ஏற்பாடு இல்லாமல் பகிர மாட்டோம். நடைப்பயணிகள் பெரும்பாலும் வைத்திருக்கும் 0.1 மைக்ரான் நுண்குழல் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. அதைவிட வில்லங்கமானது, ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைந்துவிட்டால் உள்ளிருக்கும் குழல்கள் விரிசல்விடும் என்பது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும். அதனால் குளிர் இரவுகளில் அது என் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உறங்கும். ஒரே ஃபில்டர் பழுதானால் இருவரும் ஒரே நாளில் படுத்துவிடுவோம், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளும் ஒரே வசதியும் பறிபோகும். இருவர் பையிலும் குளோரின் டை ஆக்சைடு மாத்திரைகள் தனித்தனியே உள்ளன. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியை அழிக்க அதற்கு நான்கு மணி நேரம் தேவை என்பதை நினைவில் வைத்து, இரவிலேயே போட்டு வைக்கிறோம்.

ஹெட்லாம்ப், விசில், வரைபடம் இறக்கிய ஃபோன், வெவ்வேறு வங்கி அட்டை ஆகியவையும் ஆளுக்கொன்று. பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி எழாது என்பதால் பெரியதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறியதாக இரண்டு வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. சந்தாவை மாதக்கணக்கில் நிறுத்தி மீண்டும் தொடங்க முடிவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. அதைப் பின்னால் வருபவர் சுமக்க வேண்டும் என்பது எங்கள் விதி. முன்னால் போனவர் திரும்பி வந்து பார்ப்பதற்குள், பின்தங்கியவர் தானே உதவி கேட்க முடிய வேண்டும்.

உடல்களும் பகிர்வுக்கு உட்படுவதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இருவரில் ஒருவருக்கு அது போதும், மற்றவருக்குப் போதாமல் போகும். மெதுவாகப் பழகும் உடல்தான் அட்டவணையைத் தீர்மானிக்கும் என்று புறப்படும் முன்பே பேசிக்கொண்டுவிட்டால், உயரத்தால் வரும் தலைவலியை மறைக்கும் பழக்கம் வராது.

தேதி வைக்காமல் சுற்றுவது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடக்காது. நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாகுபடி செய்யப்படாத நிலத்தில், ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால், ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் வரை யாரையும் கேட்காமல் கூடாரம் அடிக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதிய சட்டம் அது. நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் பாதையில் கூடாரத்துக்கே அனுமதியில்லை, நடைக்காலத்தில் குடில்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். அந்நாட்டில் இறங்கும்போது காலணியையும் கூடாரத்தையும் அறிவித்துச் சோதனைக்குத் தர வேண்டும் என்பதால், விமானம் ஏறும் முன் மண்ணைக் கழுவிக் காயவைத்துவிடுவோம். ஒரே விசா முறைக்குள் வரும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. திரும்பும் அல்லது அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மறுப்பதும் உண்டு.

காப்பீடு வாங்கும்போது மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள், எத்தனை மீட்டர் உயரம் வரை, ஊரைவிட்டுப் புறப்பட்டபின் நீட்டிக்க முடியுமா. தம்பதியருக்கென விற்கும் கூட்டுத் திட்டங்களில் நான்காவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் மற்றவர் உடன் தங்கும் செலவும், ஒருவர் மட்டும் ஊர் திரும்ப நேர்ந்தால் மற்றவரின் காப்பு தொடர்வதும் அதில் இருக்கிறதா என்பதுதான் அது. நாங்கள் பார்த்தவற்றில் சில திட்டங்கள், முதன்மைக் காப்பீடுதாரர் நாடு திரும்பியதும் இருவருக்கும் சேர்த்தே முடிந்துவிடுகின்றன. ஆகவே இந்த முறை புதுப்பித்தபோது, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், ஆளுக்கொரு தனித் திட்டமாகவே எடுத்துக்கொண்டோம்.