கிளிநொச்சியில் சீனியில்லாத கிரனோலா

என் கணவருக்குச் சலரோகம் என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் மாச்சத்தை (கார்போஹைட்ரேட்) குறைத்துத்தான் சாப்பிடுகிறோம். காலையில் பாணும் இல்லை, இடியப்பமும் இல்லை. தயிரும் ஒரு கைப்பிடி கிரனோலாவும்தான்; கிரனோலா என்பது வழக்கமாக ஓட்ஸ், கொட்டை, விதைகளைச் சேர்த்து மொறுமொறுப்பாகச் சுட்டெடுப்பது. கனடாவில், ஸ்காபரோவில் மாச்சத்தைக் குறைத்துச் செய்த கிரனோலா கடையிலேயே கிடைக்கும். இந்த முறை கிளிநொச்சி கனகபுரத்தில் மச்சாள் வீட்டில் நின்றபோது, கொண்டுபோன பைகள் பாதி வழியில் முடிந்துவிட்டன. வன்னியில் எது கிடைக்கிறது, எது உதவாது என்று தேடிப் பார்த்ததை, இதே தேவையோடு போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போனது ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட்டுக்கு. கடை துப்புரவு. வேலை செய்கிற பிள்ளைகள் மரியாதையாகப் பேசுகிறார்கள். "கிரனோலா இருக்கா தம்பி?" என்று கேட்டதும் ஒருவர் கூடவே வந்து தட்டைக் காட்டினார். ஓட்ஸ் பல வகை இருந்தது. கிரனோலா ஒரே ஒரு வகை. முன்பக்கத்தில் சீனி சேர்க்கவில்லை என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் முதல் பொருள் ஓட்ஸ், அடுத்தது பேரீச்சம்பழம், அதற்கடுத்தது முந்திரிகை வற்றல். 100 கிராமில் மாச்சத்து 60 கிராமுக்கு மேல்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சீனி போடாவிட்டாலும் ஓட்ஸில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 66 கிராம் மாச்சத்து உண்டு. நார்ச்சத்து 10 கிராமைக் கழித்தாலும் மிச்சம் அவ்வளவும் குளுக்கோசாகத்தான் இரத்தத்துக்குப் போகும். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவு என்பதைத்தான் பொதுவாகக் குறைந்த மாச்சத்து உணவு என்கிறார்கள். கடுமையாகக் கடைப்பிடிக்கிறவர்கள் 50 கிராமுக்குள் நிற்பார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்தக் கிரனோலா ஒரு கிண்ணத்திலேயே நாள் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். இலங்கையில் உணவுப் பொதிகளில் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள். அது நல்ல காரியம், ஆனால் மாச்சத்துக்கு அதில் நிறம் இல்லை. பின்பக்கத்துச் சின்ன எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

பார்மசியில் சலரோகக்காரருக்கென்றே பிஸ்கட் வைத்திருந்தார்கள். கோதுமை மாவும், சீனிக்குப் பதிலாகப் போடுகிற மால்டிடோல் என்ற இனிப்பும். மால்டிடோல் சீனியளவுக்கு ஏற்றாவிட்டாலும் இரத்தச் சீனியை ஏற்றத்தான் செய்யும். அங்கே நின்ற பிள்ளை, "அக்கா, இதுவும் மாதானே, அண்ணாவுக்குச் சரிவராது" என்று தானாகவே சொன்னார். விற்கப் பார்க்காமல் உள்ளதைச் சொன்ன அந்தப் பிள்ளைக்கு நன்றி. வவுனியாவில் தெரிவு கொஞ்சம் கூட; பாதாமும் பூசணி விதையும் அங்கேதான் வாங்கினோம். கிரனோலா அங்கேயும் இதே கதைதான்.

சரி, செய்விப்போம் என்று மச்சாள்தான் சொன்னா. அவவின் ஒழுங்கையில் ஓர் அன்ரி மிக்சர், எள்ளுருண்டை செய்து கடைகளுக்குப் போடுகிறா. கேக் சுடுகிற 'அவன்' அடுப்பும் இருக்கிறது. சாமான் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில்தான். விசுவமடுப் பக்கத்துக் கச்சான், எள்ளு, தேங்காய் மூன்றும் கிளிநொச்சிச் சந்தையில் ஒரே சுற்றில் வாங்கினோம். கச்சானைக் கோதுடைத்துப் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் அன்ரி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தா. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் பொறுக்கலுக்கே அவவுக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம்.

"இனிப்பில்லாமல் எப்பிடிப் பிள்ளை ஒட்டும்? கொஞ்சம் பனங்கட்டி போடுவம், அது சலரோகத்துக்கு நல்லதுதானே" என்றா. ஊரில் எல்லாரும் இப்படித்தான் நம்புகிறார்கள். பனங்கட்டியும் கித்துள் பாணியும் இரத்தத்தில் சீனியின் வேலையைத்தான் செய்யும். முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினால் ஒட்டும் என்று சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை, முட்டை அடுப்படிக்குள் வராது. சனிக்கிழமை காலையில் செய்தோம்.

அளவு இதுதான்: கச்சான் இரண்டு பங்கு, மெல்லிதாகச் சீவிக் காயவைத்த தேங்காய் இரண்டு பங்கு, எள்ளு ஒன்று, பூசணி விதை ஒன்று. வெள்ளைக்கரு, கொஞ்சம் தேங்காயெண்ணெய், கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. தட்டில் பரப்பி மெல்லிய சூட்டில், தேங்காய் ஓரம் பொன்னிறமாகும் வரை. எடுத்தவுடன் கிளறக் கூடாது; ஆறிய பிறகு உடைத்தால் கட்டி கட்டியாக வரும். நான் கணக்குப் பார்த்த அளவில் 100 கிராமில் மாச்சத்து 20 கிராமுக்குள், அதில் பாதிக்கு மேல் நார். கசுக்கொட்டை போடவில்லை, அதில் மட்டும் 30 கிராம் வரும். கொழுப்புக் கூடிய சாமான் என்பதால் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி போதும். எருமைத் தயிரில் போட்டு இவர் ஆசையாகச் சாப்பிட்டார். கூலியோடு சேர்த்தும் கடைப் பெட்டியைவிட மலிவாகத்தான் முடிந்தது. வன்னி வெக்கைக்குத் தேங்காய் கெதியாகக் காறிவிடும்; கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள், குரக்கன் புட்டு சலரோகத்துக்கு நல்லதென்று வற்புறுத்துவார்கள். குரக்கனிலும் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாச்சத்து. அன்பாகத் தருவதை ஒரு கரண்டி எடுத்துவிட்டு, மீனையும் கீரையையும் கூடப் போட்டுக்கொண்டால் யாரும் மனம் நோக மாட்டார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் மாச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கலாம். இவருக்குப் பயணத்துக்கு முன்னமே வைத்தியர் அளவை மாற்றிக் கொடுத்திருந்தார். நீங்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.