வர்த்தக உடன்பாட்டுத் தகராறுகள்: ஆறு வார ஆன்லைன் வகுப்பு எப்படி?

ஏற்றுமதி ஒப்பந்தங்களுக்கு வரைவு எழுதுவது என் வேலை. அண்டை நாடுகளின் வர்த்தக உடன்பாட்டில் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரம் வெறும் வரையறைகள். தாராளமாகத் தூங்கலாம். மூன்றாவது வாரம்தான் கட்டிய காசு செரித்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவின் பழைய வர்த்தக உடன்பாடான நாஃப்டாவில் நடுவர் குழுவையே அமைய விடாமல் இழுத்தடிக்க முடிந்தது. அமெரிக்கா ஆள் நியமிக்காததால் மெக்சிகோவின் சர்க்கரை வழக்கு அப்படித்தான் முடங்கியது. அதற்குப் பதிலாக 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய உடன்பாட்டில், நடுவர் பட்டியலுக்கு ஒரு நாடு பெயர் தராவிட்டாலும் மற்ற நாடுகள் நடுவர் குழு அமைக்கக் கேட்கலாம். பழைய வாசகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஓட்டை எந்த வரியில் அடைபட்டது என்று ஆசிரியர் காட்டினார். வரைவு எழுதும் எனக்கு அது விருந்து!

அப்புறம் அதே புதிய உடன்பாட்டில் வந்த கனடாவின் பால்பொருள் ஒதுக்கீட்டு வழக்கு: குறைந்த வரியில் பால்பொருள் இறக்குமதி செய்யும் உரிமையை யாருக்குப் பங்கிடுவது என்ற சண்டை. முதல் குழு அமெரிக்காவுக்குச் சாதகமாகச் சொன்னது. கனடா விதிகளை மாற்றியது. அமெரிக்கா மறுபடி வழக்குப் போட்டு 2023இல் தோற்றது. ஜெயித்தவருக்குச் சந்தை உடனே திறந்துவிடாது என்பது இங்கேதான் உறைத்தது.

தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பான மெர்கோசூரின் தகராறு தீர்க்கும் விதிகளான ஒலிவோஸ் நெறிமுறையும், பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் உள்ள அதன் மறுஆய்வுத் தீர்ப்பாயமும் இருபதே நிமிடத்தில் முடிந்தன. எரிச்சல்தான். பயிற்சித் தாளைத் திருத்தித் தர நான்கு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் வகுப்பே முடிந்துவிட்டது. தகராறுக்குக் காலக்கெடு முக்கியம் என்று பாடம் எடுத்தவர்கள்!

ஐந்துக்கு மூன்றரை. சேருகிறவர்கள் நேராக மூன்றாவது வாரத்திலிருந்து பாருங்கள்.