விராலுக்கு ஒரு ரப்பர் தவளை

கண்டியில் தூண்டில் சாமான் விற்கும் கடையொன்றில் விரால் பிடிக்கத் தூண்டில் நூலில் கட்டும் இந்தப் பொய்த் தவளையை 950 ரூபாவுக்கு வாங்கினேன். பெட்டியில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. ஐந்தரை சென்டிமீட்டர் நீளம், பச்சை முதுகு, வெள்ளை வயிறு, பின்னால் ரப்பர் இழைகளால் இரண்டு கால்கள். உள்ளே வெறும் காற்றுதான், அதனால் மிதக்கும்.

எங்கள் அட்டன் பக்கத்துக் காசல்ரீ, மவுசாக்கலை போன்ற ஆழமான நீர்த்தேக்கங்களுக்கு இது சரிவராது. மாத்தளையில் மாமா வீட்டுக்குக் கீழே உள்ள சிறு குளம்தான் இதற்கு ஏற்ற இடம். முழங்காலளவுத் தண்ணீர், மேலே அல்லியும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் மூடிக் கிடக்கும். அங்கே சாதாரணத் தூண்டில் முள்ளைப் போட்டால் கைநிறையப் பாசிதான் வரும். இந்தத் தவளையிலோ இரண்டு முள்ளும் மேல்நோக்கி வளைந்து முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கின்றன. அல்லி இலைமேல் ஏறி இறங்கி, எங்கும் சிக்காமல் வருகிறது. பார்க்கவே ஆசையாக இருக்கும்!

நான் இதை மெச்சுவதற்கு முக்கிய காரணம் உடம்பின் மென்மை. விரால் கவ்வும்போது உடம்பு அமுங்கினால்தான் முள் வெளியே வரும். கடையிலேயே பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். முள் தெரியவில்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

விரால் காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும். நீர் கொப்பளித்த இடத்துக்குச் சற்று அப்பால் எறிந்து, விட்டு விட்டு இழுக்க வேண்டும். இலையோடு சேர்த்து அடிக்கும் சத்தத்தில் கை தானாகத் துடிக்கும். "பொறு மருமகனே, வாயை மூடட்டும்" என்பார் மாமா. நூல் இறுகிய பிறகு கம்பை ஓங்கி இழுத்தால் முள் நன்றாக ஏறும். மெல்லிய தங்கூசி (நைலோன் நூல்) வேண்டாம். பாசியோடு சேர்த்து மீனை இழுக்க 50 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் போடுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் எறியாதீர்கள், தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும்.

குறை என்றால், முள் நுழையும் துளை வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் தாழ்ந்துவிடும், பிழிந்து பிழிந்து எறிய வேண்டியிருக்கிறது. காலும் நீளம் அதிகம். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினேன். இப்போது நேராக வராமல் இடம் வலமாகத் திரும்பித் திரும்பி வருகிறது, விராலும் அதைத்தான் விரும்பி அடிக்கிறது.