ஜியோஜிப்ரா: இழுத்துப் பார்த்துக் கற்கும் வடிவியல்

சதுரத்தைத் திருப்பி, முனை கீழே நிற்கும்படி கரும்பலகையில் வரைந்தால், எட்டாம் வகுப்பிலும் பலர் அதைச் சதுரம் என்று ஒத்துக்கொள்வதில்லை. ‘சாய்சதுரம் சார்’ என்பார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கும் எனக்கு, இந்தத் தடையைக் கடக்க மிகவும் கைகொடுத்த கருவி, திரையில் வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருள்.

நெதர்லாந்தில் 1957இல் ஆய்வேடு அளித்த வான் ஹீலே தம்பதியர், வடிவியல் சிந்தனையைப் படிநிலைகளாக வகுத்தார்கள். முதலில் தோற்றம், பிறகு பண்புகள், அதன்பின் பண்புகளுக்கிடையிலான தொடர்பு, அப்புறம்தான் நிரூபணம். வயது ஏறுவதால் மட்டும் அடுத்த படி வந்துவிடாது. அதற்கேற்ற அனுபவம் வேண்டும் என்றார்கள். அந்த அனுபவத்தைத்தான் இந்த மென்பொருள் தருகிறது.

கண்ணளவில் நான்கு புள்ளிகள் வைத்து வரைந்த சதுரம், ஒரு முனையை இழுத்ததும் குலைந்துவிடும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு அமைத்த சதுரம் சுழலும், பெரிதாகும், ஆனால் சதுரமாகவே நிற்கும். ‘இது மட்டும் ஏன் குலையவில்லை?’ என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கங்களையும் கோணங்களையும் பற்றிய பேச்சு அங்கேதான் சூடுபிடித்தது. ஏதாவதொரு நாற்கரத்தின் பக்க நடுப்புள்ளிகளை இணைக்கச் சொல்லுங்கள். எப்படி இழுத்தாலும் உள்ளே இணைகரம்தான். காரணத்தைத் தேடி மூலைவிட்டம் வரையப் பிள்ளைகளே முன்வருவார்கள். கவராயத்தால் ஒரு படம் வரையும் நேரத்தில் இதில் நூறு நாற்கரங்களைப் பார்த்துவிடலாம்.

குறைகளும் உண்டு. கோணம் அளக்கும்போது புள்ளிகளை வரிசை மாற்றித் தொட்டால் பின்வளை கோணம் (180 பாகைக்கு மேற்பட்ட வெளிப்பக்கக் கோணம்) வந்து நிற்கும். ‘முக்கோணத்துக்குள் 310 பாகையா சார்?’ என்று திகைக்கிறார்கள். மென்பொருளின் அமைப்புகளில் (settings) கோண அளவை 0° முதல் 180° வரை என்று முன்பே மாற்றிவிடுங்கள். இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுவதால், மூன்று கோணங்களின் கூடுதல் சில சமயம் 180.01° ஆகிவிடும். கைபேசியில் விரலே புள்ளியை மறைக்கிறது, மடிக்கணினிதான் வசதி.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. திரையில் சரியாக வந்தாலே நிரூபித்தாயிற்று என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அதனால் இழுத்துப் பார்த்த பிறகு திரையை அணைத்துவிட்டு, காரணத்தை நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

கேரளத்தில் உயர்நிலை வகுப்புகளின் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) பாடத்திலேயே ஜியோஜிப்ரா இருக்கிறது. வகுப்பறைப் பயன்பாட்டுக்கு இலவசம். நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. எட்டு முதல் பத்து வரை எடுக்கும் ஆசிரியர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சின்ன வகுப்புகளுக்குக் காகித மடிப்பும் தீக்குச்சிகளும் முதலில் வரட்டும்.