வயல் மருந்தின் நஞ்சை அறிய மூன்று வழிகள்: மீன், மீன் கரு, செவுள் செல்

சம்பாப் பயிரில் குருத்துப்பூச்சிக்கு மருந்து தெளித்த கையோடு மழை பிடித்துக்கொண்டால், வயல் தண்ணீர் வடிகாலில் இறங்கிவிடும். அங்கே கெண்டையும் குரவையும் கெளுத்தியும் வாழ்கின்றன. மருந்து அவற்றை என்ன செய்யும் என்பது கடைக்கு வருமுன்பே தெரிந்தாக வேண்டும். காவிரிப் படுகையில் இதற்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அதை அறிய எத்தனை உயிர்களைக் கொல்லலாம் என்பதுதான் கேள்வி.

நெடுநாளாக இருப்பது உயிருள்ள மீன்களை வைத்துச் செய்யும் சோதனை. பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் 203-ஆம் வழிகாட்டிப்படி குறைந்தது 5 செறிவுகள் (தண்ணீரில் மருந்தின் வெவ்வேறு அளவுகள்), செறிவுக்கு 7 மீன்கள், 96 மணி நேரம். மருந்தில்லாத தொட்டியையும் சேர்த்தால் 42 மீன்கள். அவற்றில் பாதி எந்த அளவில் சாகின்றன என்று பார்க்கிறார்கள். மூளை, கல்லீரல், செவுள் எல்லாம் சேர்ந்த முழு உடலின் பதில் கிடைப்பது இதன் பலம். ஆனால் மீன் வலியை உணர்கிறது என்பதற்கு இன்று வலுவான சான்றுகள் உள்ளன. நான்கு நாள் திணறலை வெறும் எண்ணாக ஏற்க என்னால் முடியவில்லை.

வரிக்குதிரை மீனின் கருவைப் பயன்படுத்தும் முறை 2013-இல் ஏற்கப்பட்டது. செறிவுக்கு 20 முட்டைகள். இதயம் துடிக்கிறதா, வால் மஞ்சள் கருவிலிருந்து பிரிகிறதா என்று பார்ப்பார்கள். தானே இரை எடுக்கத் தொடங்காத கருவை ஐரோப்பியச் சட்டம் சோதனை விலங்காகக் கணக்கிடுவதில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. 2021-இல் வந்த 249-ஆம் வழிகாட்டியில் மீனே இல்லை. வானவில் டிரவுட் மீனின் செவுளிலிருந்து பெற்று ஆய்வகத்தில் பெருக்கிவரும் செல்களின் மேல் மருந்தை ஊற்றினால், 24 மணி நேரத்தில் விடை வந்துவிடுகிறது. டிரவுட் குளிர்நீர் மீன், நம் வாய்க்கால் மீனுக்கு அது பொருந்துமா என்று கேட்பது நியாயம். மேல்விஷாரத்து ஆய்வாளர்கள் கட்லாவின் செவுளிலிருந்தே செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கக்கூடிய செல்கள்) உருவாக்கியிருக்கிறார்கள். அந்தத் திசையில்தான் நாம் போக வேண்டும்.

செல் சோதனையின் பெரிய குறை வேறு. செவுள் செல்லுக்கு நரம்பு கிடையாது. நெல்லுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் பலவும் நரம்பைத் தாக்குபவை. அவற்றின் நஞ்சைச் செல் குறைத்துக் காட்டக்கூடும். கருச் சோதனையிலும் இந்தப் பலவீனம் ஓரளவு உண்டு. களைக்கொல்லிக்கும் பூஞ்சைக்கொல்லிக்கும் செல்லிலிருந்தே தொடங்கலாம் என்பேன். நரம்பு நஞ்சுக்கு மீன் தேவைப்பட்டாலும், செல்லும் கருவும் காட்டிய அளவில் ஒரே ஒரு செறிவை முதலில் பார்க்கட்டும். அதில் மீன் சாகாவிட்டால் மற்றத் தொட்டிகள் எதற்கு? ஏற்கெனவே தரவு உள்ள பழைய மருந்துக்காக மறுபடி மீனைக் கொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் வயல்களில் ஒரே டேங்கில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு கலவைக்கும் 42 மீன்களைக் கொல்ல எவரும் முன்வர மாட்டார்கள், வரவும் கூடாது. செல் தட்டில் அதைச் செய்ய முடியும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இந்தக் கலவைகளிலிருந்து தொடங்கலாம்.