தோள் போன பிறகு எந்தத் தூண்டில் ராட்: ஒற்றைக் கையா, டென்காராவா, இரட்டைக் கையா?

நியூசிலாந்தின் டோங்கரிரோ ஆற்றில் ஃப்ளை மீன்பிடிப்புக்கு, அதாவது பூச்சிபோல் கட்டிய செயற்கை இரையை வீசிப் பிடிப்பதற்கு, மட்டும்தான் அனுமதி. குளிர்காலத்தில் டௌப்போ ஏரியிலிருந்து ரெயின்போ டிரவுட் மீன்கள் முட்டையிட மேலே ஏறி வரும், ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ என்று. அவை ஆற்றின் அடித்தரையை ஒட்டியே வருவதால் டங்ஸ்டன் மணி வைத்த கனமான நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்கும் ஃப்ளை) இரண்டு, மேலே ஒரு மிதவை, இத்தனையையும் ஒரே கையால் நாள் முழுக்கத் தலைக்கு மேலே தூக்கி வீச வேண்டும். இருபது வருடம் அப்படித்தான் வீசினேன். 61 வயதில், வலது தோளில் தசைநார் பாதி கிழிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. அறுவை வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார்கள். ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போதெல்லாம் அந்த நார் எலும்புகளுக்கு நடுவே நசுங்குகிறது. எந்த ராட் என்று பார்க்கும்போது இதை மறக்கவே கூடாது.

முதல் வழி, பழைய 9 அடி ராடையே வைத்துக்கொண்டு வீச்சை மாற்றுவது. 2018-இல் 93 வயதில் மறைந்த அமெரிக்க ஃப்ளை வீச்சு ஆசான் லெஃப்டி க்ரே காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை இது: முழங்கை ஒரு அலமாரித் தட்டின் மேல் இருப்பதுபோல் முன்னும் பின்னும் நகரலாம், மேலே எழும்பக் கூடாது, மீதி வேலையை உடம்பைத் திருப்பிச் செய்ய வேண்டும். செலவே இல்லை. சின்ன ஓடையில் டிரை ஃப்ளைக்கு, அதாவது தண்ணீர்மேல் மிதக்கும் இரைக்கு, அருமையாக வேலை செய்கிறது. கனமான நிம்ஃபைப் பக்கவாட்டில் வீசினால் மட்டும் கொக்கி காதோரம் பறக்கும், அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது டென்காரா. ஜப்பானிய மலை ஓடைகளின் முறை, லைனைச் சுற்றி வைக்கும் ரீலே கிடையாது, பல ராட்கள் நூறு கிராம்கூட இருக்காது. தோள் வலிக்கு இதுதான் மருந்து என்று பலர் சொல்வார்கள், நானும் நம்பித்தான் வாங்கினேன். வீசுவது உண்மையிலேயே சுகம், மணிக்கட்டை அசைத்தால் போதும். அப்புறம்தான் விஷயம் இருக்கிறது: லைன் தண்ணீரைத் தொடாமல் இருக்க ராடின் நுனியை உயர்த்தி, கையை நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும், அரை மணி நேரத்தில் தோள் கனக்க ஆரம்பித்துவிடும். பெரிய மீன் மாட்டினால் விட்டுப் பிடிக்க லைன் இல்லை, வழுக்கும் கல்லில் அதன் பின்னாலேயே ஓட வேண்டும், முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது ஆபத்து. கையளவு மீன் இருக்கும் ஓடைக்குச் சரி, டோங்கரிரோவுக்கு இது இல்லை.

என் ஓட்டு 11 அடி ஸ்விட்ச் ராடுக்கு, இரண்டு கையாலும் பிடித்து வீசும் ராட் அது. கையில் எடுத்தால் மூன்றிலும் இதுதான் கனம், அதைப் பார்த்துக் கடையிலேயே திருப்பி வைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்று முறையில் லைனைப் பின்னால் பறக்கவிடுவதில்லை, தண்ணீர்மேல் ஒரு கணம் படியவிட்டு அந்தப் பிடிப்பிலேயே முன்னால் எறிகிறோம். ராடை மேலே பிடிக்கும் கையின் முழங்கை விலாவை ஒட்டியே இருக்கிறது, வேகம் கொடுப்பது கீழ்க் கை, ராடின் அடிக்கட்டையை வயிற்றை நோக்கி ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். நான் வலது கையைக் கீழே மாற்றிக்கொண்டேன். பழக ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது, முதல் மாதம் லைன் காலடியிலேயே குவிந்துகொண்டிருந்தது. இடுப்பு வலி உள்ளவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும், இதில் உடம்பு திரும்பிக்கொண்டே இருக்கும்.

நான் எதிர்பார்க்காத லாபம் காலுக்குத்தான். முன்பு இடுப்பளவு தண்ணீரில் நின்று எட்டிய இடத்தை இப்போது முழங்காலளவில் நின்றே எட்டுகிறேன். ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி வைத்த பூட்ஸை இங்கே 2008-இல் தடை செய்தார்கள், டிடிமோ பாசி பரவாமல் இருக்க, அதனால் ஆணி பதித்த ரப்பர் அடியும் ஊன்றுகோலும் இல்லாமல் இந்த வயதில் இறங்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மணி நேரம் வீசிப் பாருங்கள். ஆற்றில் உடம்பு சூடாக இருக்கும்போது வலி தெரியாது. மறுநாள் காலை சட்டைக்குள் கையை நுழைக்கும்போது தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.